‘என்ன போச்சு?’ – எங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

போன வாரம் எங்கள் பகுதி காவல் நிலையத்திலிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. ராத்திரியில் வீட்டுக்குள் புகுந்தவர்கள் அப்பாவை அடித்ததைப் பற்றி ஆடி மாதம் கொடுத்த மனுவை முடித்துவிட்டார்களாம். பொருள் எதுவும் களவு போகாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அம்மா ‘சரிங்க சார்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டப் போய்விட்டார். அப்பாவின் வலது கையில் முறிந்த எலும்புக்கு பிளேட் வைத்திருக்கிறது. ஐந்து மாதம் ஆகியும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. 74 வயது மனிதர், ஒரு வாய் சோற்றுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ‘எதுவும் போகவில்லை’ என்று உங்கள் நிலையப் பதிவேடு சொல்கிறது.

அந்த ராத்திரி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை முழுதாக யாரும் இதுவரை எழுதி வாங்கவில்லை.

எங்களுடையது தோட்டத்து வீடு. மூன்றரை ஏக்கர், தென்னையும் கொஞ்சம் மஞ்சளும். பக்கத்துச் சாளைக்கு, அதாவது அடுத்த தோட்டத்து வீட்டுக்கு, அரை கிலோமீட்டர். அண்ணன் பெங்களூரில், நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும்தான் அங்கே. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, கும்மிருட்டு. ஆடிக் காற்றில் தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கதவை நெம்பினாலும் காதில் விழாது. நாயைக் கட்டுத்தரைப் பக்கம் கட்டியிருந்தார்கள். அது குரைத்ததா இல்லையா என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை.

ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். ஆசாரத்தில் படுத்திருந்த அப்பாவுக்குப் பொடக்காலிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. பெருச்சாளி என்று நினைத்துக்கொண்டு டார்ச்சை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார். பின்கதவின் தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவன் முகத்தில் துண்டு கட்டியிருந்தான், இன்னொருவன் கட்டவில்லை. அப்பா அனிச்சையாகச் செய்த காரியம், கட்டாதவன் முகத்தில் டார்ச் அடித்தது. ‘யாரப்பா அது?’ என்று கேட்டார். கேட்டபோது அவர் நின்ற இடம், அந்தப் பின்கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில்.

முகம் தெரிந்துவிட்டது, வழியும் மறிந்துவிட்டது. கதவை நெம்பக் கொண்டுவந்த கம்பி அப்பாவின் மேல் வந்தது.

தடுக்க வலது கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. கால் தடுமாறிச் சுவரில் சாய்ந்தார். இரண்டாவது அடி அவர் தலை இருந்த இடத்தில் விழுந்தது, தலை ஒரு சாண் கீழே இறங்கிவிட்டிருந்தது. கதவு நிலையில் அந்த அடியின் தழும்பு இருக்கிறது. என் சுண்டு விரல் முழுசாக உள்ளே போகும். வேப்ப மர நிலை, தாத்தா காலத்தில் அறுத்துச் செய்தது. ஆணி அடித்தாலே வளையும். அந்த மரத்தில் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் மேல் கை வைத்துப் பார்க்காமல் என்னால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை.

அம்மா அறைக்குள்ளிருந்து பங்காளி வீட்டுப் பெரியப்பாவுக்கு போன் செய்தார். பெரியப்பா டிராக்டரை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்தபடி வந்தார். அந்த வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததும் இருவரும் மஞ்சள் காட்டுக்குள் இறங்கி ஓடிவிட்டார்கள். பெரியப்பா அன்று வெளியூர் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

112-க்கும் சொன்னோம். மூன்றரை மணிக்கு ரோந்து வண்டி வந்தது. இருட்டில் தோட்டத்து வண்டித்தடத்தில் வழி கண்டுபிடித்து வந்த ஏட்டையாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்தான் அப்பாவுக்குக் கட்டுப்போடத் துணி கேட்டு, ஆம்புலன்சையும் கூப்பிட்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: ‘என்ன போச்சு?’ அம்மா சொன்ன பதில்: ‘ஒண்ணும் போகலீங்க.’ அந்த இரண்டு வரியிலேயே எங்கள் வழக்கு முடிந்துவிட்டது என்று இப்போது புரிகிறது.

மறுநாள் காவல் நிலையம் போனேன். எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னேன். ‘நகை போயிருந்தா கேஸ் போடலாம்மா, இதுல என்னன்னு போடறது? பெரியவர் கோர்ட்டுக்கு அலையணுமா?’ என்று அங்கே சொன்னார்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது வாசலில் அந்தக் கம்பியைப் பார்த்தேன். குரோட்டன் செடித் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பையில் போடவில்லை, சீல் இல்லை, ஒரு சீட்டுக்கூடக் கட்டவில்லை. முந்தின ராத்திரி வெறும் கையில் தூக்கி வண்டியில் வைத்ததை அம்மா பார்த்திருக்கிறார். விரல்ரேகைப் பிரிவிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பின்கதவையோ, அவர்கள் கை வைத்த பீரோவையோ யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நாலு நாள் காத்திருந்துவிட்டு அம்மா பீரோவைத் துடைத்துவிட்டார்.

ஐயா, இது நடந்தது சிவகிரிக்குப் பிறகு. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே 1 அன்று, ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு வயதான தம்பதியின் உடல்கள் கிடைத்தன. செத்துச் சில நாள் ஆகியிருந்தது. பிள்ளைகள் போன் அடித்துப் பார்த்து, எடுக்காமல் போகவே, ஆள் அனுப்பிப் பார்த்தபோதுதான் வெளியே தெரிந்தது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலை ஆறரைக்கு அம்மா எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஏழு மணி வரை வரவில்லை என்றால் நான் பெரியப்பாவைக் கூப்பிடுவேன். இந்தப் பக்கத்தில் பெற்றோரைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பலரும் இப்படி ஏதோ ஒரு ஏற்பாட்டில்தான் இருக்கிறார்கள்.

சிவகிரி வழக்கில் காவல்துறை வேகமாக வேலை செய்தது. தனிப்படைகள் அமைத்து அந்த மாதமே மூன்று பேரைக் கைது செய்தார்கள். நகையை உருக்கிக் கொடுத்ததாகத் தொழிலாளி ஒருவரும் பிடிபட்டார். பல்லடத்தில் மூவரைக் கொன்றதும் இதே ஆட்கள் என்று காவல்துறையே அறிவித்தது. குற்றத்தை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கைதானவர்கள் அதே ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். எங்கள் ஊரில் எது நடந்தாலும் மில்லில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் பக்கம் கை நீளுகிறது. ஆடியில் எங்கள் வீட்டு விஷயத்துக்குப் பிறகும் அவர்களை ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. அப்பாதான் ‘நான் பார்த்த முகம் நம்ம பக்கத்து முகம்’ என்று சொல்லி நிறுத்தினார். இரண்டாவது, காவல்துறை சொல்வது சரி என்றால், பல்லடத்துக்கும் சிவகிரிக்கும் இடையே அந்த ஆட்கள் ஐந்து மாதம் வெளியில்தான் இருந்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னாலும் தமிழ்நாடு இதைப் பார்த்திருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்து வருடம், நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் பவாரியா கும்பல் புகுந்து அடித்துக் கொன்று கொள்ளையடித்தது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் காவல்துறை அதிகாரி ஜாங்கிட் அவர்கள் தலைமையில் பெரிய தனிப்படை இறங்கியது. அந்தக் கும்பலின் தடத்தைப் பிடிக்க உதவியது சம்பவ இடங்களில் எடுத்து வைத்திருந்த விரல்ரேகை. அந்த ஆட்கள் வேறு ரகம், முதலில் அடித்துவிட்டுப் பிறகு திருடியவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கொல்ல வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வருகிறேன்.

கொல்ல வராதவன்தான் எங்களுக்கு அதிகப் பயம்.

பூட்டிய வீட்டுக்கு வரும் திருடன் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறான். தோட்டத்து வீட்டில் அப்படி ஒரு நேரமே கிடையாது. இரண்டு கிழவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதனால் தோட்டத்துக்கு வருகிறவன் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தேதான் வருகிறான். அவன் நம்பி வருவது அவர்களின் தூக்கத்தை மட்டும். வயதானவர்களின் தூக்கம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்குப் போக மூன்று முறை எழுந்திருப்பார்கள், மாடு செருமினால் எழுந்திருப்பார்கள். ஆக, அந்தத் திருட்டு பாதியில் கலைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கலைந்த கணத்தில் அவன் கையில் என்ன இருக்கிறது? கதவை நெம்பிய கம்பி. அவன் பக்கத்து ஊர்க்காரனாக இருந்தால், கிழவர் அவனைத் தேங்காய் போட வந்த பையன் என்றோ, மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்றோ அடையாளம் சொல்லிவிட முடியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. அதுவரை அவன் செய்தது திருட்டு. அதற்கு மேல் அவன் யோசிக்க இரண்டு விநாடிகூட இருப்பதில்லை.

அடி வாங்குகிற உடம்பும் இளைய உடம்பு இல்லை. அப்பா இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தலையில் ஒரு சின்ன அடி பட்டிருந்தாலும் உள்ளே ரத்தக் கசிவு நிற்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா கத்தினாலும் கேட்க அக்கம்பக்கம் ஆள் இல்லை. டவுனில் கை முறிவோடு போகிற அடி, தோட்டத்தில் உயிரையே கொண்டுபோய்விடும்.

அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2003 முதல் 2007 வரையிலான காலத்துக்கு அந்நாட்டு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு எடுத்த கணக்கில், ஆண்டுக்குச் சராசரியாக 37 லட்சம் வீடு புகும் சம்பவங்கள். அதில் சுமார் 10 லட்சத்தில் வீட்டில் ஆள் இருந்தார். அப்படி ஆள் இருந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வன்முறையில் முடிந்தது. அந்த வன்முறைச் சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு, தாக்கியவர் அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். குடும்பத் தகராறும் அதில் சேர்ந்திருக்கும், அந்த நாட்டு நிலைமை வேறு, அப்படியே நமக்குப் பொருத்த முடியாது, சரி. ஆனால் அங்கே கேட்ட கேள்வி சரியான கேள்வி. உள்ளே ஆள் இருந்தாரா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த காவலர்கள் என்ன போச்சு என்று கேட்டார்கள்.

சட்டமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த ஐந்து மாதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331-ஆவது பிரிவைப் பாருங்கள். பொழுது சாய்ந்து விடிவதற்குள் திருடும் நோக்கத்தில் வீட்டை உடைத்து நுழைந்தால் 14 ஆண்டு வரை தண்டனை. திருடினானா, கையில் கிடைத்ததா என்ற பேச்சே இல்லை, நோக்கம் போதும். யாரையாவது காயப்படுத்தும் தயாரிப்போடு ராத்திரியில் வந்தாலும் 14 ஆண்டு வரை. நுழைகிற நேரத்தில் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ராத்திரியில் கூட்டாக வந்தவர்களில் ஒருவன் கொடுங்காயமோ மரணமோ ஏற்படுத்தினால், கூட வந்த ஒவ்வொருவனுக்கும் அதே ஆயுள் தண்டனை வரை. கொடுங்காயம் என்றால் என்ன என்று 116-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் எலும்பு முறிவு இருக்கிறது. அப்பாவின் எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. முன்கையின் இரண்டு எலும்பும் துண்டாகி விலகி நிற்பதைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

ஆயுள் தண்டனை வரை போகிற ஒரு குற்றத்துக்கு எங்கள் கையில் இருப்பது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 12 வருடம் ஆகிறது. காவல் நிலையங்களில் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் குற்ற எண்ணிக்கை ஏறும், கண்டுபிடிக்காத வழக்காக மாதாந்தரக் கூட்டத்தில் கேள்வி வரும். மனுவாக வைத்து முடித்துவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை. அந்தக் கணக்கு உங்கள் மேசையில்தான் பார்க்கப்படுகிறது என்பதால்தான் நிலையத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்கு நடந்தது முதல் சம்பவம் இல்லை. போன தை மாதத்துக்குப் பிறகு எங்கள் வண்டித்தடத்தை ஒட்டிய தோட்டங்களில் மட்டும் மூன்று போர்வெல் கேபிள்கள் அறுபட்டன. ஒரு சாளையில் இரண்டு ஆடு போனது. ஒரு வீட்டில் யாரும் இல்லாத பகலில் ஓட்டைப் பிரித்து இறங்கி, குக்கர், கேஸ் சிலிண்டர் எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரியப்பா வீட்டுக் கேபிளுக்கு மனு கொடுத்தார். மற்றவர்கள் அதுகூடக் கொடுக்கவில்லை, எட்டாயிரம் ரூபாய்க் கேபிளுக்கு நாலு நாள் கூலியை விட்டு யார் அலைவது? இதையெல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்திருந்தால், யாரோ இந்தத் தடத்தில் கை பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆனி மாதமே தெரிந்திருக்கும். கேபிள், ஆடு, ஆள் இல்லாத வீடு, அப்புறம் ஆள் இருக்கிற வீடு. நாலாவதில்தான் அப்பாவின் கை போனது. எங்கள் வண்டித்தடத்தில் ஐந்தாவது ஒன்று நடக்குமோ என்று நாங்கள் பயந்துகொண்டிருக்கும்போதுதான் மனு முடிந்துவிட்டது என்று போன் வந்தது.

சிவகிரிக்குப் பிறகு எங்கள் பக்கமும் ரோந்து வண்டி வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர், வயது, பிள்ளைகளின் போன் நம்பர் எல்லாம் குறித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்து வாசலில் ரோந்து வந்ததைக் குறிக்கும் பட்டா புத்தகம் தொங்கவிட்டு, வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா அந்தப் புத்தகத்தை மழையில் நனையாமல் பாலிதீன் கவரில் போட்டு வைத்திருந்தார். கடைசிக் கையெழுத்து ஆனி 20-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. ஆடியில் அந்த இரண்டு பேர் வந்தபோதும் புத்தகம் வாசலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தில் ஆள் பற்றாக்குறை, ஒரே வண்டி, திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை எல்லாம் இருக்கும். அதற்காக, சாவு நடந்த பிறகு இரண்டு மாதத்துக்கு மட்டும்தான் ரோந்து என்று ஆகிவிடலாமா?

ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் தலைமாட்டில் அரிவாள் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். துப்பாக்கி உரிமம் கேட்டு மனு போடலாமா என்று டீக்கடையில் பேசுகிறார்கள். ராத்திரியில் வீட்டை உடைத்து வருகிறவனைத் தற்காப்புக்காகக் கொன்றாலும் சட்டம் அனுமதிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அரிவாளோடு எழுந்து வரும் 74 வயதுக்காரரையும் கையில் கம்பியோடு நிற்கும் முப்பது வயதுக்காரனையும் இருட்டில் நேருக்கு நேர் நிறுத்தினால் சாவது யார்? அப்பா கையில் அன்று அரிவாள் இருந்திருந்தால் அவர்கள் இரண்டு அடியோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். சத்தம் கேட்டால் எழுந்து போகாதீர்கள், அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு போன் செய்யுங்கள், எடுத்துப் போனால் போகட்டும், ஓடுகிறவனுக்கு வழியை விடுங்கள் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் இப்போது மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ‘எம்பட வீட்டுல நான் எந்திரிக்கக் கூடாதா?’ என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அறைக்குள் தாழிட்டுக்கொண்டு காத்திருக்கச் சொல்ல வேண்டுமானால், காத்திருந்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

யாரையாவது பிடித்து அடித்து ஒப்புக்கொள்ள வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2025 ஜூனில் மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்ட கோயில் காவலாளி உயிரிழந்தார். அப்படி ஒரு விசாரணை எங்கள் பெயரில் நடக்க வேண்டாம் என்று அப்பாவே சொல்கிறார். கம்பியைப் பையில் போடுவது, ரேகை எடுப்பது, கதவு நிலையைப் போட்டோ எடுப்பது, பார்த்தவரிடம் கேட்பது, இவ்வளவுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

ஆகவே நான் கேட்பவை:

எங்கள் மனுவை முடித்த உத்தரவை ரத்து செய்து, 331-ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்கான உட்பிரிவுகளையும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லுங்கள். நிலையத்தில் மறுத்தால் எழுத்து மூலமாகக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த மடலையே அந்த மனுவாக எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்திட்ட பிரதியை ஸ்பீட் போஸ்டில் இன்று அனுப்பியிருக்கிறேன். அந்தக் கம்பி இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்த மாவட்டத்தில் கடந்த இரண்டு ஆண்டில், ஆள் இருந்த வீட்டில் புகுந்ததாகவோ புக முயன்றதாகவோ வந்து, சி.எஸ்.ஆர். அளவிலேயே முடிக்கப்பட்ட மனுக்கள் எத்தனை என்று எண்ணி வெளியிடுங்கள். அவற்றை மறுபடி திறந்து பாருங்கள். இனி வீடு புகும் புகார் எது வந்தாலும், போன பொருளின் மதிப்பைக் கேட்பதற்கு முன்பு ‘உள்ளே ஆள் இருந்தாரா, கையில் என்ன வைத்திருந்தான்’ என்று கேட்டு எழுத வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆள் இருந்தார் என்றால், காசு போகாவிட்டாலும் விரல்ரேகைப் பிரிவு அன்றே வர வேண்டும். தோட்டங்களில் போகும் கேபிள், ஆடு, மோட்டார் புகார்களையும் ஓர் இடத்தில் சேர்த்து, தடம் வாரியாகப் பாருங்கள்.

ரோந்தை வருடம் முழுக்க வையுங்கள். தினமும் வர முடியாது என்றால் வாரம் இரண்டு ராத்திரி போதும், ஆனால் எந்த ராத்திரி என்று யாருக்கும் தெரியக் கூடாது. குறித்துக்கொண்டு போன பெரியவர்கள் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டி வரும் வழியைச் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டே அன்று ரோந்து வண்டிக்கு முக்கால் மணி நேரம் போனது.

கடைசியாக ஒன்று. அந்த ஆளின் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டு, மேல் பல்லில் ஒன்று விலகியிருந்தது என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஐந்து மாதத்தில் ஒரு காவலர்கூட அவரிடம் அதைக் கேட்கவில்லை. 60 வயதைத் தாண்டியவரைச் சாட்சி சொல்ல நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதே சட்டத்தின் 179-ஆவது பிரிவு சொல்கிறது. முகம் வரையத் தெரிந்த ஒருவரோடு ஓர் அதிகாரியை அனுப்புங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் நல்லது. மாத்திரை போட்ட பிறகு அப்பா தூங்கிவிடுவார், எழுந்தால் சில சமயம் நாள், கிழமை குழம்புகிறது. போன வாரம் அந்தப் புருவ வெட்டு இடதா வலதா என்று அம்மாவிடம் கேட்டாராம்.

இப்படிக்கு,
தோட்டத்து வீட்டில் பெற்றோரை விட்டுவிட்டு
திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு மகள்